கோர்ட்டு தீர்ப்பு கிரெடிட் ரிப்போர்ட்ல எத்தனை வருஷம் நிக்கும்? கொஞ்சம் நீளமாவே சொல்றேன்

கேள்வி இதுதான்: கடன் ஒன்னு கட்ட முடியாம போய் கேஸ் ஆகி எதிரா தீர்ப்பும் வந்துடுச்சு, இனி அது கிரெடிட் ரிப்போர்ட்ல எத்தனை வருஷம் நிக்கும், ஸ்கோர் எவ்ளோ அடி வாங்கும். தேடிப் பாத்தா ஒருத்தர் 7 வருஷம்ங்கிறார், இன்னொருத்தர் 6ங்கிறார், மூணாவது ஆளு அதெல்லாம் ரிப்போர்ட்லயே வராதுன்னு அடிச்சு சொல்றார், யாரைத்தான் நம்புறது?

மூணு பேரும் சொல்றது சரிதான். என்ன, 7 வருஷம்ங்கிறது அமெரிக்காவோட பழைய கதை, 6 வருஷம்ங்கிறது இங்கிலாந்து, வரவே வராதுங்கிறது இன்னைக்கு அமெரிக்காவுலயும் இந்தியாவுலயும் பெரும்பாலும் உண்மை. எந்த நாடுன்னு சொல்லாம பதில் எழுதுறதுனால வர்ற குழப்பம் இது. அதனால ஒவ்வொன்னா பாத்துடுவோம். ஆனா முன்னாடியே ஒன்னு சொல்லி வச்சிடறேன், ரிப்போர்ட்ல தீர்ப்பு தெரியுதா இல்லையாங்கிறது இதுல சின்ன விஷயம். தீர்ப்புக்கு முன்னாடி அந்த கடன் ரிப்போர்ட்ல விட்டுட்டுப் போன தடமும், தீர்ப்புக்கு அப்புறம் கடன் குடுத்தவன் கைக்கு வர்ற அதிகாரமும்தான் பெருசு.

அமெரிக்கால இருந்து ஆரம்பிக்கறேன். அங்க கிரெடிட் ரிப்போர்ட்டுக்குன்னே 1970ல ஒரு சட்டம் வந்துச்சு, ஃபேர் கிரெடிட் ரிப்போர்ட்டிங் ஆக்ட். அதுப்படி சிவில் தீர்ப்பை, அது பதிவான தேதியில இருந்து 7 வருஷம், இல்ல அந்த தீர்ப்போட காலாவதி வரைக்கும், இதுல எது அதிகமோ அதுவரை ரிப்போர்ட்ல காட்டலாம். "காட்டலாம்"ங்கிறதை கவனிங்க, காட்டியே ஆகணும்னு சட்டம் சொல்லல. ரொம்ப வருஷம் ரிப்போர்ட் தயாரிக்கற கிரெடிட் பீரோக்கள், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், டிரான்ஸ்யூனியன் மூணும் காட்டிட்டுதான் இருந்தாங்க. பிரச்சனை என்னன்னா கோர்ட்டு ரெக்கார்டுல பாதிக்கு மேல வெறும் பேரும் ஒரு அட்ரஸும்தான் இருக்கும், சோஷியல் செக்யூரிட்டி நம்பர் (அங்க ஆளுக்கு ஒரு அடையாள எண்) இருக்காது, பிறந்த தேதி இருக்காது, அதனால ஒரே பேர் இருக்கற ரெண்டு பேர்ல ஒருத்தன் வாங்கின தீர்ப்பு இன்னொருத்தன் ரிப்போர்ட்ல போய் உக்காந்துக்கும், அவன் வீட்டு லோனுக்கு போகும்போதுதான் அவனுக்கே தெரியவரும். அதே மாதிரி பணம் கட்டி முடிச்சப்புறமும் கட்டாத மாதிரியே வருஷக்கணக்குல நிக்கும், ஏன்னா கோர்ட்டுக்கு போய் யாரும் புதுசா பாத்து மாத்துறதில்ல.

இதை எதிர்த்து அட்டர்னி ஜெனரல்கள், அதாவது மாநில அரசோட தலைமை வக்கீல்கள் கிளம்பினாங்க, 2015ல நியூயார்க் முதல்ல, அப்புறம் 31 மாநிலங்கள் சேர்ந்து. அந்த சமரசத்தோட பலனா 2017 ஜூலை 1ல இருந்து ஒரு கண்டிஷன் வந்துச்சு: பேர், அட்ரஸ், கூடவே சோஷியல் செக்யூரிட்டி நம்பரோ பிறந்த தேதியோ இருக்கணும், குறைஞ்சது 90 நாளைக்கு ஒரு தடவை கோர்ட்டுல போய் புதுப்பிச்சிருக்கணும், இல்லன்னா அந்த ரெக்கார்டை காட்டக்கூடாது. இந்த சல்லடையில சிவில் தீர்ப்பு கிட்டத்தட்ட எல்லாமே கீழ விழுந்துடுச்சு, வரி பாக்கிக்காக சொத்து மேல ஏத்தற டாக்ஸ் லீன்ல மிச்சம் இருந்ததும் 2018 ஏப்ரலோட போயிடுச்சு. இன்னைக்கு அமெரிக்க ரிப்போர்ட்ல பப்ளிக் ரெக்கார்டுங்கிற பகுதியில நிக்கறது திவால் மட்டும்தான். ஆனா சட்டத்துல இருக்கற அந்த 7 வருஷம் அப்படியேதான் இருக்கு, மாறினது பீரோக்களோட நடைமுறை. பழைய கட்டுரைகள்ல 7 வருஷம்னு இன்னமும் இருக்கறதுக்கு இதுதான் காரணம்.

இதைப் படிச்சுட்டு அப்பாடான்னு உக்காந்துடாதீங்க. தீர்ப்பு ரிப்போர்ட்ல இருந்து போச்சே தவிர கோர்ட்டுல இருந்து போகல. லெக்சிஸ்நெக்சிஸ் மாதிரி கம்பெனிகள் தீர்ப்பு, லீன் விவரத்தையெல்லாம் தனியா சேகரிச்சு கடன் குடுக்கறவங்களுக்கு விக்கறாங்க. வீட்டு லோன் அப்ளிகேஷன்லயே உங்க மேல பாக்கி தீர்ப்பு ஏதாவது இருக்கான்னு நேரடி கேள்வி இருக்கு, பொய் சொன்னா அது தனி குத்தம். சரி அங்கயும் தப்பிச்சாலும் வீடு வாங்கும்போதோ விக்கும்போதோ டைட்டில் தேடுவாங்கல்ல, அங்க மாட்டும், ஏன்னா பல மாநிலங்கள்ல தீர்ப்பை பதிவு பண்ணிட்டா அது சொத்து மேலயே ஏறிக்கும். விக்கற அன்னைக்கு முதல்ல கடன் குடுத்தவனுக்கு கட்டிட்டுதான் மிச்சம் உங்க கைக்கு. வேலையில இருக்கறவங்களுக்கு சம்பளத்துலயே பிடிக்கலாம், ஃபெடரல் வரம்பு பிடித்தம் எல்லாம் போன மிச்ச சம்பளத்துல 25%, டெக்சாஸ், பென்சில்வேனியா மாதிரி சில மாநிலங்கள் சாதாரண கடனுக்கு சம்பளத்துல கை வைக்க விடறதில்ல. நியூயார்க்ல ஒரு தீர்ப்புக்கு ஆயுசு 20 வருஷம், கலிஃபோர்னியாவுல 10, அதையும் புதுப்பிக்கலாம், அதுக்கு மேல வட்டி வேற ஓடிட்டே இருக்கும்.

ரிப்போர்ட்ல ஸ்கோரை அடிச்சது யாருன்னு பாத்தா அது தீர்ப்பே கிடையாது. கேஸ் போடறதுக்கு முன்னாடியே லேட் பேமென்ட்டா பதிவாகி, அப்புறம் சார்ஜ் ஆஃப் ஆகி (கடன் குடுத்தவன் அதை நஷ்டக் கணக்குல எழுதறது), கலெக்ஷன் கம்பெனிக்கு வித்து, அந்த கம்பெனி பேர்ல ஒரு தனி வரி ஏறி, ஸ்கோர் விழ வேண்டிய அளவுக்கு விழுந்துட்டுதான் கேஸே வருது. அந்த சார்ஜ் ஆஃபுக்கு கடிகாரம் முதல் தவணை தவறின நாளை வச்சு ஓடுது, சுமார் 7 வருஷம், தீர்ப்பு வந்தாலும் கட்டினாலும் வேற கம்பெனிக்கு வித்தாலும் அந்த கடிகாரம் திரும்ப ஆரம்பிக்காது. 2019ல தவறி 2022ல தீர்ப்பு வந்ததுன்னு வைங்க, 2026ல ரிப்போர்ட்ல இருந்து போயிடும், ஆனா தீர்ப்பு உயிரோட இருக்கும். அதாவது ரிப்போர்ட் பளிச்சுனு இருக்கும், ஒரு நாள் பேங்க் அக்கவுண்ட் முடங்கும். "ரிப்போர்ட் க்ளீனா இருக்கே"ன்னு சொல்லிட்டு வர்றவங்கள்ல இந்த ரகம் நிறைய உண்டு.

இங்கிலாந்து, வேல்ஸ் கதை இதுக்கு நேர் எதிர். அங்க சிசிஜே, அதாவது கவுண்டி கோர்ட்டு தீர்ப்பு, ரிப்போர்ட்ல வரும், நல்லாவே அடிக்கும். ரெஜிஸ்ட்ரி டிரஸ்ட்னு ஒரு அமைப்பு தீர்ப்புகளுக்கான ரெஜிஸ்டரை நடத்துது, அதுல ஏறினா அங்கிருந்து கிரெடிட் ஏஜென்சிகளுக்கு போயிடும், தீர்ப்பு தேதியில இருந்து 6 வருஷம். இதுல பொன்னான விஷயம் ஒன்னு இருக்கு, தீர்ப்பு வந்து ஒரு மாசத்துக்குள்ள முழுசா கட்டிட்டா ரெஜிஸ்டர்ல இருந்தே அழிச்சுடுவாங்க, வந்த சுவடே இருக்காது. ஒரு மாசம் தாண்டி கட்டினா "கட்டப்பட்டது"ன்னு குறிப்பாங்க, ஆனா 6 வருஷமும் நிக்கும். அதனால காசு இருக்கு, ஆனா கோவத்துல இழுத்தடிக்கலாம்னு யாராவது நினைச்சா, அந்த ஒரு மாசத்துக்குள்ள கோவத்தை முடிச்சுக்கறது நல்லது.

அங்க டிஃபால்ட்டுக்கும், அதாவது கடன் கட்டாம விட்டதா பதியறதுக்கும், தனியா 6 வருஷ கணக்கு உண்டு, அதுவும் தீர்ப்பும் ஒன்னு இல்ல. 2019ல டிஃபால்ட் ஆனா 2025ல அது போகும், ஆனா நடுவுல 2022ல சிசிஜே வந்துட்டா அது 2028 வரைக்கும். அதாவது அங்க தீர்ப்பு வந்தா தண்டனை காலம் நீளுது, அமெரிக்கால அப்படி நீளாது. 6 வருஷம் கழிச்சு ரெஜிஸ்டர்ல இருந்து போனாலும் கடன் போகாது, ஜப்திக்கு போகணும்னா கடன் குடுத்தவன் கோர்ட்டுகிட்ட அனுமதி கேக்கணும், அவ்ளோதான் வித்தியாசம்.

அங்க ரொம்ப பேரை கவுக்கறது பழைய அட்ரஸ். வீடு மாறியிருப்பாங்க, போன் கம்பெனிக்கோ ஜிம்முக்கோ சொல்ல மறந்திருப்பாங்க, கேஸ் பேப்பர் கடைசியா தெரிஞ்ச அட்ரஸுக்கு போகும், பதில் வராது, பதில் இல்லன்னா தானா தீர்ப்பு. சின்ன தொகைக்கு ஆறு வருஷ களங்கம். இப்படி ஆனா என்244ங்கிற ஃபார்ம் போட்டு தீர்ப்பை ரத்து பண்ண கேக்கலாம், கட்டணம் உண்டு, உண்மையிலேயே எதிர்வாதம் பண்ண விஷயம் இருக்குன்னு காட்டணும், தெரிஞ்ச உடனே வந்திருக்கணும். ரத்தாச்சுன்னா ரெஜிஸ்டர்ல இருந்தும் போயிடும்.

இப்ப இந்தியா. இங்க முக்கால்வாசி பேருக்கு ஒரு தப்பான எண்ணம் இருக்கு, கோர்ட்டுல என்ன நடந்தாலும் சிபில்ல ஏறிடும்னு. ஏறாது. 2005ம் வருஷ சட்டத்துப்படி இயங்கற கிரெடிட் தகவல் கம்பெனிகள் நாலு, சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க், இவங்களுக்கு தகவல் தர்றது பேங்க், ஃபைனான்ஸ் கம்பெனி, கார்டு கம்பெனி மாதிரி கடன் நிறுவனங்கள்தான், கோர்ட்டு கிடையாது. அதனால தெரிஞ்சவர்கிட்ட புரோநோட்டு எழுதி வாங்கின கைமாத்து கடனுக்கு டிக்ரி (கோர்ட்டு தீர்ப்பாணை) ஆனாலும் சிபில்ல ஒரு எழுத்து வராது. செக் பவுன்ஸ் கேஸ், சொத்து தகராறு, வாடகை பாக்கி, இதெல்லாமும் அப்படித்தான். ஜெயிலுக்கே போயிட்டு வந்தாலும் ஸ்கோர் 800ல நிக்கலாம், சிரிக்காதீங்க, நிஜமாத்தான் சொல்றேன்.

பேங்கே கேஸ் போட்டா வேற மாதிரி. ரிப்போர்ட்ல ஒவ்வொரு லோன் கணக்குக்கும் கீழ "சூட் ஃபைல்டு" (கேஸ் போட்டாச்சு), "வில்ஃபுல் டிஃபால்ட்" (வேணும்னே கட்டாதது)னு ஒரு கட்டம் இருக்கும், அதை நிரப்பி அனுப்பறது பேங்க். கவனிங்க, தீர்ப்பு வரணும்னு இல்ல, கேஸ் போட்டாலே அந்த கட்டம் நிரம்பிடும். லோன் ஆபீசர் ஸ்கோருக்கு முன்னாடி இந்த மாதிரி சொல்லைத்தான் தேடுவார். ஒரு கோடியும் அதுக்கு மேலயும் பாக்கி இருந்து கேஸ் ஆனவங்க பேரும், 25 லட்சமும் அதுக்கு மேலயும் உள்ள வில்ஃபுல் டிஃபால்டர் பேரும் அந்த கம்பெனிகளோட வெப்சைட்ல யார் வேணா பாக்கற மாதிரியே போடறாங்க. ஜாமீன் கையெழுத்து போட்டவங்களுக்கும் சேத்துதான் சொல்றேன், அந்த லோன் உங்க ரிப்போர்ட்லயும் ஜாமீன்தாரர்னு இருக்கும், கேஸும் உங்க மேல சேர்ந்தேதான் வரும்.

இந்தியால தனியா ஒரு சிக்கல் இருக்கு, மக்கள் நீதிமன்றம். அதான் லோக் அதாலத். பேங்க் கூப்பிட்டு அனுப்பும், நாலு லட்சம் பாக்கிக்கு ரெண்டு லட்சத்துல முடிச்சுக்கலாம்பாங்க, கையெழுத்து போடுவீங்க, 1987ம் வருஷ சட்டத்துப்படி அந்த அவார்டு சிவில் கோர்ட்டு டிக்ரிக்கு சமம், அப்பீலும் கிடையாது. கோர்ட்டே முடிச்சு வச்சுடுச்சு, இனி எல்லாம் கிளியர்னு சந்தோஷமா வீட்டுக்கு வந்துடுவாங்க. ரெண்டு மூணு வருஷம் கழிச்சு லோன் கேட்டா ரிஜெக்ட், ரிப்போர்ட்ட எடுத்துப் பாத்தா "செட்டில்டு"ன்னு இருக்கும். பேங்க் பொய் சொல்லல, குறைச்சு வாங்கினதை குறைச்சு வாங்கினேன்னு சொல்லியிருக்கு, அவ்ளோதான். லோக் அதாலத் அவார்டுங்கிறது கடனை முடிக்கும், அந்த வார்த்தையை முடிக்காது. அதனால கையெழுத்துக்கு முன்னாடியே பேங்க்கிட்ட இதை ரிப்போர்ட்ல எப்படி அனுப்புவீங்கன்னு எழுத்துல கேளுங்க, "முழுசா கட்டி முடிக்கப்பட்டது"ன்னு அனுப்ப ஒத்துக்கறாங்களா, இல்ல மிச்சத்தை பின்னாடி கட்டினா மாத்துவாங்களான்னு. ஒத்துக்கணும்னு அவசியம் இல்ல, ஆனா கேக்காம போட்ட கையெழுத்துக்கு அப்புறம் கேட்டா பேரம் பேச உங்ககிட்ட ஒன்னும் இருக்காது. ஏற்கனவே செட்டில்டு ஆனவங்க மிச்ச தொகையை கட்டி, நோ டியூ (பாக்கி இல்லன்னு சான்று) வாங்கி, க்ளோஸ்டுன்னு மாத்த சொல்லி கேக்கலாம், அது நடக்குது. தகவலை குறைஞ்சது 7 வருஷம் வச்சிருக்கணும்னு விதி இருக்கறதால தானா போகும்னு காத்திருந்தா நாள் நிறைய ஆகும்.

தீர்ப்பு உங்க பக்கம் வந்தாலும் வேலை முடியல, இதை யாரும் சொல்றதில்ல. பேங்க் போட்ட கேஸ் தள்ளுபடி ஆயிடுச்சு, அதனால ரிப்போர்ட் தானா சரியாகும்னு நினைக்கறாங்க, ஆகாது, நீங்கதான் சர்டிஃபைடு காப்பி எடுத்து பேங்குக்கும் சிபிலுக்கும் அனுப்பணும். அதுலயும் எதுக்காக தள்ளுபடி ஆச்சுன்னு பாருங்க. கடனே இல்லன்னு கோர்ட்டு சொன்னா அந்த கணக்கையே எடுக்க சொல்லலாம். ஆனா மூணு வருஷ காலக்கெடு தாண்டி கேஸ் போட்டதால தள்ளுபடின்னா, வசூல் பண்ற வழிதான் அடைபட்டிருக்கு, கடன் அழியல, பேங்க் பாக்கின்னு காட்டிட்டேதான் இருக்கும்.

இந்தியாலயும் தனியார் டிக்ரி சிபில்ல வராததால ஒன்னும் ஆகாதுன்னு இல்ல. டிக்ரிக்கு 12 வருஷம் உயிர், அதுக்குள்ள எப்ப வேணா நிறைவேற்று மனு போடலாம், சொத்தை ஜப்தி பண்ணா அது வில்லங்க சான்றுல ஏறும், வீட்டு லோனுக்கு பேங்க் வக்கீல் ஒப்பீனியன் கேக்கும்போது அங்க நிக்கும். கேஸ் விவரம் ஈகோர்ட்ஸ் வெப்சைட்ல பேர் போட்டு தேடினாலே வரும். சம்பளத்துலயும் பிடிக்கலாம், முதல் ஆயிரம் ரூபாயும் மிச்சத்துல மூணுல ரெண்டு பங்கும் போக பாக்கியில.

இந்த மூணு நாட்டுலயும் பொதுவா ஆட்களை சாய்க்கறது ஒரே விஷயம்தான், கோர்ட்டு பேப்பர் வந்தா அதை பிரிக்காம டிராயர்ல போடறது. அமெரிக்கால கடன் வசூல் கேஸ்கள்ல 70%க்கு மேல எதிராளி வராமயே தீர்ப்பாகுதுன்னு பியூ சாரிட்டபிள் டிரஸ்ட்ஸ்ங்கிற அமைப்பு 2020ல சொல்லுச்சு. இதுல கடனை விலைக்கு வாங்கின கலெக்ஷன் கம்பெனிகிட்ட மூல பத்திரமே இல்லாத கேஸ் உண்டு, காலாவதியான கடன் உண்டு, வேற ஆளோட கடன் உண்டு, ஒருத்தர் வந்து "காட்டு"ன்னு கேட்டாலே ஆட்டம் காணும், ஆனா கேக்க ஆள் வரணுமே. இந்தியால எக்ஸ்பார்ட்டி டிக்ரி, அதாவது நீங்க வராமயே டிக்ரி ஆயிட்டா ரத்து பண்ண 30 நாள், சம்மனே சரியா வரலன்னா தெரிஞ்ச நாள்ல இருந்து 30 நாள், தாமதத்துக்கு காரணம் சொல்லி மன்னிப்பு கேக்கவும் வழி இருக்கு. இங்கிலாந்துல கேஸ் பேப்பர் கிடைச்சு 14 நாள், கிடைச்சதுன்னு ஒப்புதல் அனுப்பினா 28. அமெரிக்கால மாநிலத்துக்கு மாநிலம் மாறும், பேப்பர்லயே எழுதியிருக்கும், முதல்ல அதைப் பாருங்க.

விவாகரத்து தீர்ப்பை பத்தியும் ஒரு வார்த்தை, ஏன்னா இந்த கேள்விக்கு பின்னாடியே அதுவும் வரும். ரெண்டு பேர் பேர்ல இருக்கற லோனை இனி அவர்தான் கட்டணும்னு கோர்ட்டு சொல்லியிருக்கலாம், ஆனா அது உங்க ரெண்டு பேருக்குள்ள, பேங்க் அதுல கட்சியே இல்ல. அவர் தவணை தவறினா உங்க ரிப்போர்ட்லதான் அடி விழும், எந்த நாடா இருந்தாலும். தீர்ப்பை காட்டி அவர் மேல திரும்ப கோர்ட்டுக்கு போகலாம், ஸ்கோர் அதுக்கெல்லாம் காத்திருக்காது. லோனை ஒருத்தர் பேருக்கு மாத்தி எழுதறதோ முடிச்சுக்கறதோ, அதை தீர்ப்புக்கு முன்னாடியே பேசி முடிச்சுடுங்க.

கடைசியா உங்க விஷயத்துக்கு, நாடு எதுன்னு நீங்க சொல்லல, அதனால இப்படி பண்ணுங்க. முதல்ல ரிப்போர்ட் எடுங்க, அமெரிக்கால வாரா வாரம் இலவசமாவே எடுக்கலாம், இந்தியால ஒவ்வொரு கம்பெனிகிட்டயும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசம். கூடவே கோர்ட்டு ரெக்கார்டையும் எடுங்க, ரெண்டையும் பக்கத்துல வச்சு தேதி, தொகை, பேர், அட்ரஸ் பொருந்துதான்னு பாருங்க. தப்பு இருந்தா ஆதாரத்தோட டிஸ்ப்யூட் போடுங்க, அமெரிக்கால பொதுவா 30 நாள்ல விசாரிச்சு முடிக்கணும். இந்தியாலயும் 30 நாள், தாண்டினா நாள் ஒன்னுக்கு 100 ரூபா உங்களுக்கு தரணும்னு ரிசர்வ் பேங்க் விதி 2024 ஏப்ரல்ல இருந்து இருக்கு, அப்பவும் அசையலன்னா புகார் விசாரிக்கற ரிசர்வ் பேங்க் ஆம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம். பணம் கட்டி முடிச்சீங்கன்னா கட்டின ரசீதோட நிறுத்தாதீங்க, தீர்ப்பு தொகை முழுசா வந்துடுச்சுன்னு கோர்ட்டுலயே பதிவு பண்ண வைங்க, அந்த காப்பியை பத்திரமா வைங்க. கடன் கை மாறி கை மாறி மூணாவது கம்பெனி அஞ்சு வருஷம் கழிச்சு போன் பண்ணும்போது அந்த ஒரு பேப்பர்தான் பேசும்.